சொந்தச் சரக்கை முன்னால் வைத்தால் என்ன தப்பு?

கேள்வி இது: “சூப்பர் மார்க்கெட்காரர் தன் சொந்த பிராண்டு துவரம் பருப்பைக் கண்ணுக்கு நேராக அடுக்குகிறார், மற்ற பிராண்டுகளைக் கீழ்த் தட்டுக்குத் தள்ளுகிறார். யாரும் கேஸ் போடுவதில்லை. கூகுள் தன் சேவையைத் தன் பக்கத்தில் மேலே காட்டினால் மட்டும் ஐரோப்பாக்காரர்கள் ஆயிரக்கணக்கான கோடி அபராதம் போடுகிறார்கள். அமெரிக்கக் கம்பெனியிடம் பணம் கறக்கும் வேலைதானே இது? இந்தியாவில் இதற்குச் சட்டம் ஏதாவது உண்டா?”

பெரும்பாலான சமயம் தப்பே இல்லை. கூகுளுக்கு எதிராகத் தீர்ப்பு எழுதிய ஐரோப்பிய நீதிமன்றமே இதை ஒப்புக்கொள்கிறது. சந்தையில் ஆதிக்கம் உள்ள ஒரு நிறுவனம் தன் பொருளுக்குச் சலுகை காட்டினால், சூழ்நிலை என்னவென்று பார்க்காமலேயே அது சட்டவிரோதம் என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது என்று 2024 செப்டம்பர் 10 தீர்ப்பில் இருக்கிறது. அதைச் சொன்ன அதே தீர்ப்பில்தான் 242 கோடி யூரோ அபராதத்தையும் உறுதி செய்தார்கள். அபராதம் விதித்த 2017இல் நம் பணத்தில் சுமார் 17,500 கோடி ரூபாய். அப்படியென்றால் சலுகை காட்டியதோடு வேறு என்னவோ நடந்திருக்க வேண்டும் அல்லவா? அது என்ன என்பதைப் பார்த்துவிட்டு உங்கள் பருப்புக்கு வருகிறேன்.

இங்கிலாந்தில் ஆடம் ராஃப், ஷிவான் ராஃப் என்று ஒரு தம்பதி. ஃபவுண்டெம் என்ற விலை ஒப்பீட்டுத் தளத்தை 2006 ஜூனில் திறந்தார்கள். ஒரே பொருள் எந்தக் கடையில் என்ன விலை என்று வரிசையாகக் காட்டும் தளம். அதிலிருந்து யாராவது கடைக்குப் போனால் கடைக்காரர் இவர்களுக்குக் கொஞ்சம் பணம் தருவார், அதுதான் வருமானம். திறந்த கொஞ்ச நாளிலேயே கூகுளில் “விலை ஒப்பீடு” போன்ற சொற்களைத் தேடினால் தளம் எங்கோ ஆழத்தில் கிடந்தது. ஏதோ தானியங்கி வடிகட்டி தவறுதலாகப் பிடித்துவிட்டது, முறையிட்டால் சரியாகிவிடும் என்று நம்பினார்கள். மற்ற தேடுபொறிகளில் தளம் நன்றாகவே வந்துகொண்டிருந்தது. 2008 டிசம்பரில் ஒரு பிரிட்டிஷ் தொலைக்காட்சி நிகழ்ச்சி இதையே நாட்டின் சிறந்த விலை ஒப்பீட்டுத் தளம் என்று தேர்ந்தெடுத்தது. கூகுளில் மட்டும் நிலைமை மாறவில்லை. 2009 நவம்பரில் இருவரும் பிரஸ்ஸல்ஸில் உள்ள, ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையத்திடம் புகார் கொடுத்தார்கள்.

இந்தப் பக்கம் கூகுளும் 2004இல் ஐரோப்பாவில் அதே தொழிலில் இறங்கியிருந்தது. ஃப்ரூகிள் என்று பெயர். யாரும் சீண்டவில்லை. “ஃப்ரூகிள் சுத்தமாக வேலைக்கு ஆகவில்லை” என்ற பொருளில் 2006இல் கூகுளுக்குள்ளேயே ஓர் ஆவணம் எழுதப்பட்டிருக்கிறது. விசாரணையில் அது வெளியே வந்தது. அப்புறம் பெயர் இரண்டு தடவை மாறி, கடைசியில் கூகுள் ஷாப்பிங் ஆனது. மாறியது பெயர் மட்டுமல்ல. 2008 ஜனவரியில் பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் தேடல் பக்கத்தின் அமைப்பையே மாற்ற ஆரம்பித்தார்கள். 2013க்குள் மொத்தம் 13 நாடுகள்.

அந்தக் காலத்துத் தேடல் பக்கத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். வெள்ளைப் பின்னணியில் பத்து நீல வரிகள், ஒவ்வொன்றுக்கும் கீழே இரண்டு வரி கறுப்பு எழுத்து. புதிய அமைப்பில், “டிஜிட்டல் கேமரா” என்று தேடினால் அந்த நீல வரிகளுக்கு மேலேயோ பக்கவாட்டிலோ ஒரு பெட்டி வந்தது. வரிசையாகக் கேமராப் படங்கள், படத்துக்குக் கீழே விலை, கடையின் பெயர். கண் நேரே அங்கேதான் போகும். அந்தப் பெட்டி கூகுளின் சொந்த விலை ஒப்பீட்டுச் சேவை. போட்டித் தளங்கள் என்ன முயன்றாலும் அந்தப் பெட்டிக்குள் போக முடியாது. அவர்களுக்கு நீல வரிதான். படம் கிடையாது.

இதோடு நின்றிருந்தால் கூகுள் தப்பித்திருக்கலாம் என்பது என் கணிப்பு. படம் போட்ட பெட்டி நல்ல வடிவமைப்புதானே என்று வாதாட இடமிருந்தது. மாட்டிவிட்டது பெட்டி வந்த அதே காலத்தில் நடந்த இன்னொரு வேலை. பல தளங்களிலிருந்து தகவலைத் திரட்டி அடுக்குகிற, சொந்தச் சரக்கு அதிகம் இல்லாத தளங்களைக் கீழே இறக்கும் அல்காரிதம்கள் கூகுளிடம் இருந்தன. 2011இல் வந்த பாண்டா அவற்றில் பிரபலமானது. விலை ஒப்பீட்டுத் தளம் என்றாலே அடுத்தவர் தகவலை அடுக்குவதுதான் வேலை, அதனால் இந்த வலையில் கச்சிதமாகச் சிக்கியது. போட்டியாளர்களில் மிக நல்ல இடத்தில் இருந்த தளமே சராசரியாக நாலாவது பக்கத்தில்தான் வந்தது என்று ஆணையம் கணக்கிட்டது. நாலாவது பக்கத்துக்கு நீங்கள் கடைசியாக எப்போது போனீர்கள்? முதல் பக்கத்தின் பத்து முடிவுகளுக்கே சுமார் 95 சதவீதக் கிளிக் போய்விடுகிறது. இரண்டாம் பக்கத்தின் முதல் முடிவுக்குக் கிடைப்பது ஒரு சதவீதம்.

கூகுளின் சொந்தச் சேவையும் அடுத்தவர் தகவலை அடுக்கும் அதே வகைத் தளம்தான். ஆனால் அந்த அல்காரிதம் அதன் மேல் பாயவில்லை.

இங்கேதான் விஷயம். கோயம்பேடு மாதிரி ஓர் இடத்தில் ஒரு கமிஷன் மண்டியை வைத்துக்கொள்ளுங்கள். சுற்றுவட்டாரத்துக்கு அந்த ஒரு மண்டிதான். ஈரம், அழுகல் என்று வெங்காய மூட்டைக்கு இத்தனை கிலோ கழிவு என்று மண்டிக்காரர் ஒரு விதி வைக்கிறார். நியாயமான விதி, வாங்குகிறவனுக்கும் நல்லது. அவர் தன் சொந்த வயல் வெங்காயத்தையும் அங்கேயே விற்கிறார், அதுவும் தப்பில்லை. தன் மூட்டைகளை மட்டும் கழிவு பிடிக்காமல் நேராக ஏலத்துக்கு அனுப்புகிறார் என்றால்தான் மற்ற விவசாயிகள் கத்துவார்கள். கூகுள் வழக்கின் சாரம் இவ்வளவுதான். குப்பைத் தளங்களை இறக்குவது கூகுளின் உரிமை. தன் தளமும் அதே ரகம் என்னும்போது அதற்கு மட்டும் விலக்குக் கொடுத்து, மேலே படப் பெட்டியும் போட்டதுதான் குற்றமாகப் போனது.

கூகுள் தரப்பையும் சொல்லிவிடுகிறேன், அதில் பாதி நியாயம் இருக்கிறது. பொருள் தேடுகிறவர் ஒரு தேடல் தளத்திலிருந்து இன்னொரு தேடல் தளத்துக்குப் போய் மறுபடியும் தேட விரும்புவதில்லை, நேராகப் பொருளுக்குப் போகவே விரும்புகிறார், எங்கள் உண்மையான போட்டி அமேசானும் ஈபேயும்தான் என்றார்கள். அன்றைய விலை ஒப்பீட்டுத் தளங்கள் பலவற்றை நானும் பயன்படுத்தியிருக்கிறேன். விளம்பரம் பாதி, செத்த லிங்க் மீதி. அவை தானாகவே அழிந்திருக்கும் என்று சொன்னால் நான் சண்டைக்கு வரமாட்டேன். ஆனால் ஆணையம் சும்மா அபிப்பிராயம் சொல்லவில்லை. 170 கோடி தேடல்கள், 5.2 டெராபைட் அளவுக்குத் தேடல் முடிவுகள் என்று அள்ளிப்போட்டுப் பார்த்தது. மாற்றம் வந்த பிறகு கூகுளின் சேவைக்குப் போனவர்கள் பிரிட்டனில் 45 மடங்கு, ஜெர்மனியில் 35 மடங்கு, பிரான்ஸில் 19 மடங்கு கூடினார்கள். போட்டித் தளங்கள் சிலவற்றில் பிரிட்டனில் 85 சதவீதமும் ஜெர்மனியில் 92 சதவீதம் வரையும் திடீர் வீழ்ச்சி. தரம் குறைந்து மெல்லத் தேய்ந்தால் வரைபடம் சரிவாக இறங்கும். இங்கே அது செங்குத்தாக விழுந்தது.

இப்போது உங்கள் பருப்பு. கீழ்த் தட்டில் இருக்கும் பிராண்டு வேண்டுமென்றால் நீங்கள் குனிந்து எடுப்பீர்கள். இல்லையென்றால் அடுத்த தெருக் கடையில் வாங்குவீர்கள். பருப்புக் கம்பெனிக்கும் நூறு கடை இருக்கிறது. ஐரோப்பிய நாடுகள் பெரும்பாலானவற்றில் பொதுத் தேடலில் கூகுளின் பங்கு 90 சதவீதத்துக்கும் மேல். அங்கே அடுத்த தெரு கிடையாது. இன்னொன்று, சூப்பர் மார்க்கெட் தட்டு என்பது வியாபாரத் தட்டு என்று எல்லோருக்கும் தெரியும். மேல் தட்டில் இருப்பதால் அதுதான் ஊரிலேயே நல்ல பருப்பு என்று யாரும் நினைப்பதில்லை. தேடல் பக்கத்தில் முதலில் வருவதைப் பொருத்தமானது என்று நம்பித்தான் தொடுகிறோம். கூகுள் முதலில் மேல்முறையீட்டுக்குப் போன கீழ்நிலை நீதிமன்றமான ஐரோப்பியப் பொது நீதிமன்றம் 2021 நவம்பர் 10இல் இதையே பிடித்துக்கொண்டது. இணையம் முழுவதையும் எல்லோருக்கும் திறந்து காட்டுவதுதான் தேடுபொறியின் தொழிலே, அப்படிப்பட்ட ஒன்று சில முடிவுகளை, அதுவும் தன்னுடையதை, முன்னால் தள்ளுவது இயல்புக்கு மாறானது என்றார்கள்.

கூகுளின் வக்கீல்கள் ஒரு பழைய வழக்கை வைத்துக் கடைசி வரை போராடினார்கள். 1998இல் முடிந்த பிரானர் வழக்கு அது. ஆஸ்திரியாவில் ஒரு சிறிய பத்திரிகை, “பெரிய பத்திரிகைக் குழுமம் காலையில் வீடு வீடாகப் போடும் வலைப்பின்னலில் எங்கள் பேப்பரையும் சேர்த்துப் போட வேண்டும்” என்று கேட்டது. அந்த வசதி இல்லாமல் தொழிலே நடத்த முடியாது என்ற அளவுக்கு இருந்தால்தான் கேட்கலாம், சைக்கிளில் ஆள் வைத்து நீயே போட்டுக்கொள்ள முடியுமென்றால் கேட்க முடியாது என்கிற மாதிரி நீதிமன்றம் மறுத்துவிட்டது. அடுத்தவன் கட்டியதில் பங்கு கேட்பதை லேசில் அனுமதிக்கக் கூடாது என்ற எண்ணம். நல்ல எண்ணம்தான். கூகுளும் “எங்கள் பெட்டியில் இடம் கேட்கிறார்கள், பிரானர் அளவுகோலை வையுங்கள்” என்றது. நீதிமன்றம் ஏற்கவில்லை. கூகுள் ஏற்கெனவே எல்லோருக்கும் கதவைத் திறந்து வைத்திருக்கிறது, உள்ளே விட்ட பிறகு பாகுபாடு காட்டுவதுதான் இங்கே பிரச்சினை, இடம் தர மறுப்பது வேறு வழக்கு என்று பிரித்துவிட்டது. சட்டக்காரர்கள் இதைப் பற்றி இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். என்னைக் கேட்டால் பிரித்தது சரி.

“டெக் கம்பெனி” என்றதும் இதை ஏதோ புதுப் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் விமான டிக்கெட் ஏஜென்டுகள் மேஜையில் 1970களின் பிற்பகுதியிலேயே கம்ப்யூட்டர் திரை வந்துவிட்டது. சேபர் என்ற முன்பதிவு அமைப்பு அமெரிக்கன் ஏர்லைன்ஸுடையது, அப்பல்லோ யுனைடெட் ஏர்லைன்ஸுடையது. ஏஜென்ட் ஊர் பெயரைத் தட்டினால் விமானங்கள் வரிசையாக வரும். வாடிக்கையாளர் எதிரே உட்கார்ந்திருக்கும்போது எந்த ஏஜென்டும் நாலாவது திரை வரை தள்ளிக்கொண்டிருக்க மாட்டார். முதல் வரியில் வருவதைத்தான் பாதிக்கு மேல் போட்டுவிடுவார்கள். முதல் வரியில் யாருடைய விமானம் வந்திருக்கும் என்று சொல்லவே வேண்டாம். இது பற்றி நாடாளுமன்றக் குழு கேட்டபோது அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தலைவராக இருந்த ராபர்ட் கிராண்டல் மழுப்பவே இல்லை. எங்கள் விமானத்தை முன்னால் காட்டத்தானே இவ்வளவு செலவு செய்து கட்டினோம் என்கிற ரீதியில் பதில் சொன்னார். கூகுளின் எந்த அறிக்கையையும் விட எனக்கு அந்த நேர்மை பிடிக்கும். 1984இல் அரசு விதி போட்டது. திரையில் வரிசைப்படுத்தும்போது எந்த நிறுவனத்தின் விமானம் என்பதைக் கணக்கில் எடுக்கக் கூடாது. 20 வருஷம் அந்த விதி இருந்தது.

சரி, அபராதம் போட்டார்கள், ஃபவுண்டெம்முக்கு என்ன கிடைத்தது? அது 2016இலேயே மூடிவிட்டது. ஆணையத்தின் முடிவு வந்தது 2017 ஜூன் 27, கடைசித் தீர்ப்பு 2024. புகார் கொடுத்து 15 வருஷம். இடையில் போட்டி ஆணையர் ஹோகின் அல்முனியா கூகுளோடு மூன்று முறை சமரசம் பேசிப் பார்த்தார், ஒன்றும் ஒட்டவில்லை. 2014 கடைசியில் மார்கிரெத் வெஸ்டகர் பொறுப்பேற்ற பிறகுதான் வண்டி நகர்ந்தது. கூகுளைப் போன்ற ஒரு கம்பெனிக்கு 242 கோடி யூரோ என்பது அத்தனை வருஷம் அந்தச் சந்தையை வைத்துக்கொண்டதற்கு வாடகை மாதிரி.

பரிகாரமும் சுவாரசியம்தான். “சமமாக நடத்து” என்று மட்டும் ஆணையம் சொன்னது, எப்படி என்பதைக் கூகுளிடமே விட்டது. கூகுள் என்ன செய்தது தெரியுமா? அந்தப் படப் பெட்டியை ஏலத்துக்கு விட்டது. போட்டித் தளங்களும் ஏலம் கேட்கலாம், கூகுள் ஷாப்பிங்கும் தனிப் பிரிவாகப் பிரிந்து வந்து ஏலம் கேட்கும். காகிதத்தில் சமம். ஆனால் போட்டித் தளம் கொடுக்கும் ஏலப் பணமும் கூகுளுக்கே போகிறது. கூகுள் ஷாப்பிங் கொடுப்பதோ இடது பையிலிருந்து வலது பைக்கு. பழைய தகராறு இலவச நீல வரியைப் பற்றியது, தீர்வு என்று வந்தது காசு கொடுத்து வாங்கும் இடம். ராஃப் தம்பதி இதைத் தீர்வாக ஏற்கவே இல்லை. அவர்கள் பக்கம்தான் நானும்.

“அமெரிக்கக் கம்பெனியிடம் பணம் கறக்கிறார்கள்” என்பதற்கும் வருகிறேன். அமெரிக்காவும் இதே விஷயத்தை விசாரித்தது. 2013 ஜனவரி 3இல், தேடல் முடிவுகளில் பாரபட்சம் என்ற குற்றச்சாட்டில் நடவடிக்கை வேண்டாம் என்று அங்குள்ள வர்த்தக ஆணையமான எஃப்டிசி ஒருமனதாக மூடிவிட்டது. போட்டியாளருக்கு அடி விழுந்தாலும் பயனருக்கு நன்மை என்று கூகுள் சொல்வதில் பொருள் இருக்கிறது என்பது அவர்கள் கணக்கு. ஆக, ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் சிந்தனையிலேயே வேறுபாடு உண்டு. ஆனால் அதே அமெரிக்காவில் 2024 ஆகஸ்ட் 5இல் நீதிபதி அமித் மேத்தா கூகுளைச் சட்டவிரோத ஏகபோகம் என்று தீர்ப்பளித்தார். போன்களிலும் பிரவுசர்களிலும் தானே முதல் தேடுபொறியாக இருப்பதற்கு 2021இல் மட்டும் கூகுள் 2,630 கோடி டாலர் கொடுத்திருக்கிறது. வழக்கு வேறு, ஆனால் பணம் கறக்கும் ஐரோப்பியச் சதி என்ற கதை அதற்குப் பிறகு எடுபடுவதில்லை.

பயனருக்கு நன்மை என்ற வாதத்தை நான் லேசாகத் தள்ளமாட்டேன். கிரிக்கெட் ஸ்கோர் தேடினால் ஸ்கோரே மேலே வரட்டும், எனக்குப் பத்து லிங்க் வேண்டாம். ஐரோப்பாவில் 2024 மார்ச் 7 முதல் டிஜிட்டல் சந்தைகள் சட்டம் முழுதாக நடைமுறைக்கு வந்தது. கூகுள், அமேசான், ஆப்பிள், மெட்டா, மைக்ரோசாஃப்ட், டிக்டாக்கை நடத்தும் பைட்டான்ஸ் என்று ஆறு நிறுவனங்களை “வாயிற்காவலர்” என்று முதலில் பட்டியலிட்டு, தரவரிசையில் தன் சேவைக்குச் சலுகை காட்டவே கூடாது என்று முன்கூட்டியே தடை போட்ட சட்டம். மீறினால் உலக வருமானத்தில் 10 சதவீதம் வரை அபராதம். அது வந்ததும் அங்கே ஒரு சின்ன எரிச்சலும் வந்தது. தேடலில் ஒரு ஹோட்டல் பெயரைப் போட்டால் குட்டி மேப் படம் வருமே, அதைத் தொட்டால் கூகுள் மேப் திறக்காது. வெறும் படம். தன் மேப்புக்கு வழி காட்டினால் சலுகை ஆகிவிடும் என்று கூகுள் அந்த லிங்க்கையே பிடுங்கிவிட்டது. வேறு மேப்புகளையும் தேர்ந்தெடுக்கும் வசதியோடு வைத்திருக்கலாம், வைக்கவில்லை. சட்டத்தின் மேல் எரிச்சல் வரட்டும் என்று வேண்டுமென்றே செய்தார்களோ என்று ஒரு சந்தேகம் எனக்கு உண்டு. நிரூபிக்க முடியாது.

இந்தியாவுக்கு வருவோம். சட்டம் உண்டு, அதுவும் சென்னையிலிருந்து போன புகாரில்தான் முதல் பெரிய முடிவு வந்தது. முருகவேல் ஜானகிராமனின் பாரத் மேட்ரிமோனியை நடத்தும் நிறுவனமும், கட்ஸ் என்ற நுகர்வோர் அமைப்பும் 2012இல் போட்டி ஆணையத்திடம், அதாவது சிசிஐயிடம், தனித்தனியாகப் போயின. மேட்ரிமோனிக்காரர்களின் முக்கியக் கோபம், தங்கள் பிராண்டு பெயரைத் தேடினால் போட்டியாளர் விளம்பரம் வருகிறது என்பது. அந்த விளம்பர விஷயத்தில் சிசிஐ கூகுள் மேல் தப்பு காணவில்லை. ஆனால் விசாரிக்கும்போது வேறு சில விஷயங்கள் அகப்பட்டன. 2010 வரை, செய்தி, படம் போன்ற கூகுளின் சிறப்பு முடிவுகள் பொருத்தத்தைப் பார்த்து இடம் பிடிக்கவில்லை. 1, 4, 10 என்று அவற்றுக்கு முன்பே இடம் ஒதுக்கி வைத்திருந்தார்கள். ரயிலில் கோட்டா மாதிரி. இன்னொன்று, விமானப் பயணம் தேடினால் மேலே வரும் பெட்டி. அதன் அடியில் உள்ள லிங்க் கூகுளின் சொந்த ஃபிளைட்ஸ் பக்கத்துக்குக் கூட்டிப்போனது, மற்ற டிராவல் தளங்கள் கீழே போயின. 2018 பிப்ரவரி 8இல் நாலுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் 135.86 கோடி ரூபாய் அபராதம். ஃபிளைட் பெட்டிக்கு என்ன பரிகாரம் சொன்னார்கள் தெரியுமா? “இந்த லிங்க் கூகுளின் பக்கத்துக்குத்தான் போகும்” என்று ஒரு குறிப்பு எழுதி வைக்கச் சொன்னார்கள். அவ்வளவுதான். இதைப் படித்த அன்று எனக்குச் சிரிப்புதான் வந்தது.

மண்டிக்காரர் விதி அப்படியே பொருந்துவது 2022 அக்டோபர் 25 உத்தரவில். பிளே ஸ்டோரில் ஆப் விற்கிறவர்கள், ஆப்புக்குள் டிஜிட்டல் சரக்கு விற்கிறவர்கள் எல்லோரும் கூகுளின் பில்லிங் வழியாகத்தான் பணம் வாங்க வேண்டும், கமிஷன் கட்ட வேண்டும் என்பது விதி. கூகுளின் சொந்த யூடியூபுக்கு அந்த பில்லிங் கட்டாயம் இருக்கவில்லை. இது பாகுபாடு என்று சிசிஐ எழுதியது. அபராதம் 936.44 கோடி. 2025 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை 216.69 கோடியாகக் குறைத்தது. இதே கட்டணத் தகராறில் 2024 மார்ச் 1 அன்று பாரத் மேட்ரிமோனி உட்படப் பல இந்திய ஆப்களைக் கூகுள் பிளே ஸ்டோரிலிருந்து தூக்கியது. மத்திய அமைச்சர் தலையிட்டுச் சில நாட்களில் திரும்பி வந்தன. வரன் பார்க்க ஆப் தேடியவர்களுக்கு அந்த வார இறுதியில் கிடைத்திருக்காது. ஒரே வாசல் என்றால் என்ன என்பதற்கு இதைவிடப் பக்கத்தில் உதாரணம் இல்லை.

அமேசானைப் பற்றிச் சுருக்கமாக. இங்கே அந்நிய முதலீட்டு விதிப்படி அமேசான் தானே சரக்கு வைத்து விற்க முடியாது, சந்தையாக மட்டுமே இருக்கலாம். அதனால் கிளவுட்டெயில் என்ற விற்பனையாளர் வந்தார். அதன் தாய் நிறுவனத்தில் நாராயண மூர்த்தியின் முதலீட்டு நிறுவனமான கட்டமரன் கூட்டாளி, அமேசானுக்கும் 49 சதவீதம் பங்கு இருந்தது. 2018 டிசம்பரில் விதி இறுகியதும் அதை 24 ஆகக் குறைத்தார்கள், 2022 மே மாதத்தோடு மூடினார்கள். சில விற்பனையாளர்களுக்கு மட்டும் முன்னிடம் கொடுத்தார்கள் என்ற புகாரில் அமேசான், ஃபிளிப்கார்ட் இரண்டின் மேலும் 2020 ஜனவரியில் சிசிஐ விசாரணைக்கு உத்தரவிட்டது. ஐரோப்பாவில் அமேசான் அபராதத்துக்குக் காத்திருக்காமல் 2022 டிசம்பரில் எழுதிக் கொடுத்துத் தப்பித்தது. மற்ற விற்பனையாளர்களின் ரகசியத் தரவைத் தன் சொந்த வியாபாரத்துக்குப் பயன்படுத்த மாட்டோம், “இப்போது வாங்கு” பொத்தானுக்கு யாரைத் தேர்ந்தெடுப்பது என்பதில் எல்லோரையும் ஒரே மாதிரி பார்ப்போம் என்று. பக்கத்தில் இருபது பேர் ஒரே மிக்ஸியை விற்றாலும் அந்தப் பொத்தானுக்குப் பின்னால் இருப்பவர் ஒருவர்தான், நாம் அழுத்துவது அதைத்தான்.

இது வெளிநாட்டுக் கம்பெனி விவகாரம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். 2022 ஏப்ரலில் ஸ்விக்கி, சொமாட்டோ மேல் உணவக உரிமையாளர்கள் சங்கத்தின் புகாரில் சிசிஐ விசாரணை தொடங்கியபோது, தாங்களே தொடர்பு வைத்திருக்கும் கிளவுட் கிச்சன், அதாவது டெலிவரிக்கு மட்டும் சமைக்கும் பிராண்டுகளையும் ஊரில் உள்ள ஹோட்டல்களையும் ஒரே பட்டியலில் காட்டும்போது நடுநிலை எப்படி இருக்கும் என்ற கேள்வியும் அதில் சேர்ந்திருந்தது.

கடைசியாக, இனி என்ன சட்டம் வரும் என்பது. இப்போதைய போட்டிச் சட்டத்தில் தப்பு நடந்த பிறகுதான் சிசிஐ கையை நீட்ட முடியும், அதற்குள் ஃபவுண்டெம் மாதிரி ஆட்கள் கடையைக் கட்டியிருப்பார்கள். அதனால் 2024 மார்ச்சில் ஒரு அரசுக் குழு டிஜிட்டல் போட்டி மசோதாவின் வரைவை வெளியிட்டது. இந்தியாவில் 4,000 கோடி ரூபாய் விற்றுமுதல் அல்லது வேறு சில பண வரம்புகளில் ஒன்று, அதோடு ஒரு கோடி பயனர் அல்லது 10,000 வியாபாரப் பயனர் என்ற அளவைத் தாண்டினால், தன் சேவைக்குச் சலுகை காட்டக் கூடாது என்ற கடமை முன்கூட்டியே வந்துவிடும். பெரிய அமெரிக்க நிறுவனங்கள் எதிர்த்ததில் ஆச்சரியம் இல்லை. இங்குள்ள ஸ்டார்ட்அப்களிலும் ஒரு பகுதி எதிர்த்தது, நாளைக்கு வளர்ந்தால் நாமும் அந்த வரம்புக்குள் வந்துவிடுவோமே என்ற பயம். நான் இதை எழுதும் வரை அந்த வரைவு நாடாளுமன்றத்தை எட்டிப் பார்க்கவில்லை. வந்தால் அதில் ஒரு விஷயத்தை முதலில் தேடிப் படிப்பேன்: சலுகை காட்டவில்லை என்று நிரூபிக்கும் பாரம் யார் தலையில் என்பதை. ராஃப் தம்பதி அந்தப் பாரத்தைப் பதினைந்து வருஷம் தாங்களே சுமந்தார்கள்.